துருக்கியும் ஐரோப்பிய ஒன்றியமும்: மதம் எந்த இடத்தில் குறுக்கே நிற்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கி 1987 ஏப்ரல் 14 அன்று முழு உறுப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. 1999-இல் வேட்பாளர் நாடு என்ற தகுதி கிடைத்தது. 2005-இல் பேச்சுவார்த்தை தொடங்கியது. 2018-இலிருந்து அது அசையாமல் நிற்கிறது. ‘முஸ்லிம் நாடு என்பதால் சேர்க்கவில்லை’ என்பார்கள் ஒரு சாரார். ‘மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை’ என்பார்கள் மறு சாரார். இரண்டில் எதை ஏற்றாலும் நடந்ததில் பாதி விடுபட்டுப்போகும்.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு என்பதால்தான் துருக்கியைச் சேர்க்கவில்லையா?

அதுவும் ஒரு காரணம். ஆனால் எழுதப்பட்ட விதிகளில் அதைக் காண முடியாது. ஒன்றியத்தின் ஒப்பந்தங்களில் உறுப்பு நாட்டின் மதம் பற்றி எந்த நிபந்தனையும் இல்லை. சேர்க்கை முடிவை எடுப்பது விதிப்புத்தகம் மட்டுமல்ல, உறுப்பு நாடுகளின் அரசுகளும்தான். அவை ஒருமனதாக ஒப்ப வேண்டும். அரசுத் தலைவர்கள் தங்கள் வாக்காளர்களைப் பார்த்துத்தான் கை தூக்குகிறார்கள். மதம் நுழைவது அங்கேதான்.

காலவரிசையை வைத்துப் பார்ப்பது பயன் தரும். 2005-க்கும் 2010-க்கும் இடையில் துருக்கி சட்டங்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது கதவை இறுக்கியவை சைப்ரஸ் தகராறும், ‘இவ்வளவு பெரிய முஸ்லிம் நாடா?’ என்ற ஐரோப்பியத் தயக்கமும். 2013-க்குப் பின், குறிப்பாக 2016-க்குப் பின், துருக்கியின் நீதிமன்றங்களும் சிறைகளும் மறுப்புக்கு வலுவான காரணத்தைக் கொடுத்தன. இன்று பேச்சுவார்த்தை நிற்பதற்கு இந்த இரண்டாவது காரணமே போதும். அதற்காக முதலாவதை மறைப்பது நேர்மையாகாது.

சட்டப்படி யார் சேரலாம்?

ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 49-ஆவது பிரிவு, ‘எந்த ஐரோப்பிய நாடும்’ விண்ணப்பிக்கலாம் என்கிறது. 2-ஆவது பிரிவில் உள்ள மதிப்பீடுகளை அந்நாடு மதிக்க வேண்டும்: மனித மாண்பு, சுதந்திரம், மக்களாட்சி, சமத்துவம், சட்டத்தின் ஆட்சி, சிறுபான்மையினர் உரிமை உள்ளிட்ட மனித உரிமைகள். 1993 ஜூனில் கோபன்ஹேகன் மாநாடு வகுத்த அளவுகோல்கள் இதை விரித்துச் சொல்கின்றன. உறுதியான மக்களாட்சி அமைப்புகள், போட்டியைத் தாங்கும் சந்தைப் பொருளாதாரம், ஒன்றியத்தின் சட்டத்தொகுதி முழுவதையும் ஏற்று நடத்தும் திறன் ஆகிய மூன்றும் விண்ணப்பிக்கும் நாட்டிடம் இருக்க வேண்டும். இவற்றோடு, புதியவர்களை உள்வாங்கும் திறன் ஒன்றியத்துக்கு இருக்க வேண்டும் என்ற குறிப்பும் அன்றே சேர்க்கப்பட்டது. துருக்கி விஷயத்தில் அந்தக் குறிப்புதான் பின்னாளில் பெரிதாக வளர்ந்தது.

துருக்கி ஐரோப்பாவில் இருக்கிறதா, ஆசியாவில் இருக்கிறதா?

நிலப்பரப்பில் மிகச் சிறு பகுதியே போஸ்பரஸ் நீரிணைக்கு மேற்கே கிடக்கிறது. ஆனால் ஐரோப்பாவே இந்தக் கேள்விக்கு 1963 செப்டம்பர் 12 அன்று அங்காரா உடன்படிக்கையில் விடை எழுதிவிட்டது. கடமைகளை ஏற்கும் நிலைக்குத் துருக்கி வந்தபின் உறுப்புரிமை வாய்ப்பு ஆராயப்படும் என்று அதன் 28-ஆவது பிரிவு சொல்கிறது. நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் அன்றைய தலைவர் வால்டர் ஹால்ஸ்டைன், துருக்கி ஐரோப்பாவின் ஒரு பகுதி என்று கையெழுத்து விழாவிலேயே அறிவித்தார்.

ஒப்பிட்டுப் பார்க்க மொராக்கோ இருக்கிறது. அதுவும் 1987-இல்தான் விண்ணப்பித்தது. ஐரோப்பிய நாடு அல்ல என்று சொல்லி அந்த விண்ணப்பத்தை உடனே திருப்பிவிட்டார்கள். துருக்கியின் விண்ணப்பத்தையோ ஆணையம் முறைப்படி ஆராய்ந்து, 1989 டிசம்பரில் ‘இப்போதைக்கு இல்லை’ என்றது. பொருளாதாரமும் மனித உரிமையும் சைப்ரஸும் காரணங்களாக வந்தன, நிலவியல் வரவில்லை. துருக்கி ஆசிய நாடு என்று பின்னாளில் பேசிய தலைவர்கள், தங்கள் முன்னோர் போட்ட கையெழுத்தைத்தான் மறுத்தார்கள்.

ஒன்றியத்தின் ஒப்பந்தத்தில் கிறிஸ்தவம் பற்றிக் குறிப்பு உண்டா?

இல்லை. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய அரசியல் சட்ட வரைவு எழுதப்பட்டபோது, முகவுரையில் கிறிஸ்தவ மரபைக் குறிப்பிட வேண்டும் என்று வத்திக்கானும் போலந்து, இத்தாலி போன்ற நாடுகளும் கேட்டன. பிரான்ஸ் எதிர்த்தது. கடைசியில் ‘பண்பாட்டு, சமய, மனிதநேய மரபு’ என்ற பொதுவான சொற்றொடர் நின்றது. அந்த வரைவு 2005-இல் பிரான்ஸிலும் நெதர்லாந்திலும் நடந்த வாக்கெடுப்புகளில் தோற்றது. ஆனாலும் 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தின் முகவுரையில் அதே சொற்றொடர் இடம்பெற்றுவிட்டது. அடிப்படை உரிமைப் பட்டயத்தின் 10-ஆவது பிரிவு சமய சுதந்திரத்தைக் காக்கிறது. 21-ஆவது பிரிவு மதத்தின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது.

அப்படியானால் ‘கிறிஸ்தவ மன்றம்’ என்ற குற்றச்சாட்டு எங்கிருந்து வந்தது?

அரசியல்வாதிகளின் வாயிலிருந்தே வந்தது. 1997 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸில் கூடிய கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சித் தலைவர்கள், ஜெர்மனியின் ஹெல்முட் கோல் உட்பட, ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நாகரிகத் திட்டம், அதில் துருக்கிக்கு இடமில்லை என்ற தொனியில் பேசினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் லக்சம்பர்க் உச்சி மாநாடு வேட்பாளர் பட்டியலில் துருக்கியைச் சேர்க்கவில்லை. 2002 நவம்பரில், அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக இருந்த வலேரி ஜிஸ்கார் தெஸ்தேன், துருக்கி நுழைந்தால் அது ஐரோப்பாவின் முடிவு என்றார். 2004-இல் கார்டினல் ராட்சிங்கர் துருக்கி வேறொரு கண்டத்தைச் சேர்ந்தது என்ற பொருளில் எதிர்த்தார். அடுத்த ஆண்டே அவர் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆனார். 2006-இல் துருக்கி சென்றபோது அவர் தம்மிடம் ஆதரவு தெரிவித்ததாக அன்றைய துருக்கிப் பிரதமர் எர்டோகன் சொன்னார்.

எல்லோரும் எதிர்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிரிட்டன் நீண்ட காலம் ஆதரித்தது. ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சராக இருந்த யோஷ்கா ஃபிஷரும் பிரான்ஸின் முன்னாள் பிரதமர் மிஷேல் ரோகாரும் வெளிப்படையாக ஆதரித்தார்கள்.

சேர்க்கை நடைமுறை எப்படி நடக்கிறது? மதம் எந்தப் படியில் நுழைகிறது?

விண்ணப்பம், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் ஒன்றிய அமைச்சரவைக்குப் போகும். ஆணையம் கருத்துரை தரும். ஐரோப்பிய உச்சி மாநாடு ஒருமனதாக வேட்பாளர் தகுதி தரும். பிறகு பேச்சுவார்த்தைச் சட்டகம் என்ற ஆவணத்தை எல்லா நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்றியத்தின் சட்டத்தொகுதி துருக்கிக்காக 35 அத்தியாயங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றையும் ஆணையம் துருக்கிச் சட்டத்தோடு வரிக்கு வரி ஒப்பிடும். 2005 அக்டோபரில் தொடங்கிய இந்த ஒப்பீடு ஓராண்டு நடந்தது. அதன்பின் ஓர் அத்தியாயத்தைத் திறக்கவே சில முன்நிபந்தனைகள் உண்டு, மூடவும் நிபந்தனைகள் உண்டு. நிபந்தனை நிறைவேறியதா என்று ஆணையம் பரிந்துரைக்கலாம். முடிவெடுப்பது உறுப்பு நாடுகள், அதுவும் ஒருமனதாக.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிறுவனங்கள், இதர விஷயங்கள் என்ற கடைசி இரண்டையும் விட்டால் பேச வேண்டியவை 33 அத்தியாயங்கள். திறக்க ஒரு முறை, மூட ஒரு முறை என்றால் 66 முடிவுகள். ஒவ்வொன்றிலும் 27 நாடுகளுக்கும் தடுப்பதிகாரம். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ‘அந்த நாட்டின் மதம் எனக்குப் பிடிக்கவில்லை’ என்று எந்த அமைச்சரும் பதிவேட்டில் எழுத மாட்டார். மீன்வளம் பற்றியோ நிதிச் சேவை பற்றியோ ஒரு ஆட்சேபம் எழுப்பினால் போதும்.

எல்லாம் முடிந்தபின் சேர்க்கை ஒப்பந்தம். அதற்கு ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும், இன்றைய 720 பேரில் 361. பிறகு எல்லா உறுப்பு நாடுகளும் தத்தம் அரசியல் சட்டப்படி உறுதி செய்ய வேண்டும். பிரான்ஸ் 2005-இல் தன் அரசியல் சட்டத்தில் 88-5 என்ற பிரிவைச் சேர்த்து, புதிய நாட்டைச் சேர்ப்பதற்கு மக்கள் வாக்கெடுப்பைக் கட்டாயமாக்கியது. துருக்கியை மனத்தில் வைத்துச் செய்த திருத்தம் அது என்பது அப்போதே ஊரறிந்த செய்தி. 2008-இல், இரு அவைகளும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவோடு தீர்மானித்தால் வாக்கெடுப்பு இல்லாமலும் போகலாம் என்று தளர்த்தினார்கள். ஆஸ்திரிய அரசும் துருக்கிக்கு வாக்கெடுப்பு நடத்துவோம் என்று வாக்களித்திருக்கிறது.

எங்கள் மதிப்பீட்டில் இந்தக் கடைசிப் படிதான் ஆகப் பெரிய பழுது. 20 ஆண்டு உழைத்துச் சட்டங்களைத் திருத்திய நாட்டை, அந்தத் திருத்தங்களோடு தொடர்பே இல்லாத அச்சத்தை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு வீழ்த்திவிடலாம். அப்படி நேரலாம் என்று முன்கூட்டியே தெரிந்தால், எந்த அரசியல்வாதி வலிக்கும் சீர்திருத்தத்தைக் கையில் எடுப்பார்?

35-இல் எத்தனை முடிந்தன?

16 திறக்கப்பட்டன. ஒன்றே ஒன்று தற்காலிகமாக மூடப்பட்டது, 2006 ஜூனில், அறிவியலும் ஆய்வும் என்ற 25-ஆவது அத்தியாயம். மற்றவை எங்கே போயின என்று பார்த்தால் கதை விளங்கும்.

2006 டிசம்பரில் எட்டு அத்தியாயங்கள் முடக்கப்பட்டன. சைப்ரஸ் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் துருக்கி தன் துறைமுகங்களையும் விமான நிலையங்களையும் திறக்கவில்லை என்பது காரணம். அதைத் திறக்கும்வரை எந்த அத்தியாயத்தையும் மூடுவதில்லை என்றும் முடிவானது. 2007-இல் அதிபர் சார்கோஸியின் பிரான்ஸ், முழு உறுப்புரிமைக்கு நேரடியாக இட்டுச்செல்லும் ஐந்தைத் தடுத்தது. அவற்றுள் வேளாண்மை ஏற்கெனவே முடக்கத்தில் இருந்தது. 2009 டிசம்பரில் சைப்ரஸ் தனியாக ஆறைத் தடுத்தது. பிரான்சுவா ஒலாந்த் அதிபரானபின் பிரான்ஸ் தளர்ந்ததால் 2013, 2015, 2016 ஆண்டுகளில் மூன்று திறந்தன. யாரும் தடுக்காமல் துருக்கியே திறக்கத் தயங்கியவையும் மூன்று உண்டு: அரசுக் கொள்முதல், போட்டிக் கொள்கை, சமூகக் கொள்கையும் வேலைவாய்ப்பும். கொள்முதலில் வெளிப்படைத்தன்மை, மானியக் கட்டுப்பாடு, தொழிற்சங்க உரிமை ஆகியவை ஆளுங்கட்சியின் கையைக் கட்டும் விஷயங்கள்.

சைப்ரஸ் தடுத்த ஆறில் 23-ஆவதும் 24-ஆவதும் அடக்கம். முன்னது ‘நீதித்துறையும் அடிப்படை உரிமைகளும்’, பின்னது ‘நீதி, சுதந்திரம், பாதுகாப்பு’. சமய சுதந்திரம், நீதிபதிகளின் சார்பின்மை, பேச்சுரிமை எல்லாம் இவற்றுக்குள்தான் வருகின்றன. துருக்கியில் எதைத் திருத்த வேண்டும் என்று ஐரோப்பா ஓயாமல் சொல்லி வந்ததோ, அதைப் பற்றி முறைப்படி பேசும் மேசையே போடப்படவில்லை. இவ்விரண்டின் திறப்பு நிபந்தனைகளின் பட்டியல்கூட அதிகாரபூர்வமாகத் துருக்கியின் கைக்கு வரவில்லை. ஒரு நீதிபதி நியமனச் சட்டத்தை இப்படி மாற்று, இந்தத் தேதிக்குள் மாற்று என்று சொல்லும் நெம்புகோலை ஒன்றியம் தானே கீழே போட்டது. 2010-க்குப் பின் துருக்கி நீதித்துறை சரிந்த வேகத்தைப் பார்க்கும்போது இந்தத் தவறு மனத்தை உறுத்துகிறது.

சைப்ரஸ் தகராறு கிறிஸ்தவர், முஸ்லிம் தகராறா?

கிரேக்க சைப்ரியர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர், துருக்கிய சைப்ரியர் முஸ்லிம்கள். ஆனால் சண்டை நாட்டுரிமை பற்றியது, வழிபாடு பற்றியது அல்ல. 1974 ஜூலை 15 அன்று கிரேக்க ராணுவ ஆட்சியின் துணையோடு சைப்ரஸில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. ஐந்து நாளில் துருக்கிப் படை இறங்கியது. தீவின் வடக்குப் பகுதி இன்றும் அதன் பிடியில். 1983-இல் அங்கே அறிவிக்கப்பட்ட தனி நாட்டைத் துருக்கி ஒன்றே ஏற்கிறது.

2004 ஏப்ரல் 24 அன்று ஐ.நா.வின் அன்னான் திட்டம் இரு பக்கமும் வாக்குக்கு விடப்பட்டது. துருக்கிய சைப்ரியரில் 65 விழுக்காட்டினர் ஏற்றார்கள். கிரேக்க சைப்ரியரில் 76 விழுக்காட்டினர் மறுத்தார்கள். ஒரு வாரம் கழித்து, மறுத்த தரப்பு ஒன்றியத்தில் உறுப்பினரானது. ஏற்ற தரப்பு வெளியே நின்றது. தடுப்பதிகாரம் சைப்ரஸ் கைக்குப் போனது. ‘எங்கள் ஆட்கள் சரி என்றார்கள், தண்டனையும் எங்களுக்கே’ என்ற மனக்கசப்பு துருக்கியில் அன்று விழுந்தது. அது மதப் பேச்சாக உருமாற நாளாகவில்லை.

துருக்கி மதச்சார்பற்ற நாடுதானே?

அரசியல் சட்டத்தின் 2-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அங்கே ‘லாயிக்லிக்’ என்று வழங்கும் கொள்கை, மதத்தை அரசிலிருந்து விலக்கி வைப்பதல்ல, அரசின் கைக்குள் வைத்திருப்பது. 1924 மார்ச் 3 அன்று கிலாபத் ஒழிக்கப்பட்டது. (அதைக் காக்கத்தான் இந்தியாவில் கிலாபத் இயக்கம் நடந்தது, அந்த நாளோடு அதன் வேரே அறுந்தது.) அதே நாளில் டியானெட் எனப்படும் சமய விவகாரத் துறை நிறுவப்பட்டது. பள்ளிவாசல்களை நடத்துவது, இமாம்களுக்கு அரசுச் சம்பளம் கொடுப்பது, வெள்ளிக்கிழமை உரையை வழிநடத்துவது எல்லாம் அதன் வேலை. அது சுன்னி, ஹனஃபி மரபை ஒட்டி இயங்குகிறது. 1982 அரசியல் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, பள்ளிகளில் ‘சமயப் பண்பாடும் நெறியும்’ என்ற பாடத்தைக் கட்டாயமாக்கியது.

ஆகவே ஐரோப்பிய ஆய்வாளர்கள் கேட்பது ‘துருக்கி போதுமான அளவு மதச்சார்பற்றதா?’ என்றல்ல. ‘அரசு ஒரு பிரிவை மட்டும் தோளில் சுமந்து, மற்றவர்களை வெளியே நிறுத்துகிறதா?’ என்பதே.

சமய சுதந்திரத்தில் துருக்கி குறிப்பாக எதைச் சரிசெய்ய வேண்டும்?

முதலில் அலெவிகள். துருக்கியின் மிகப் பெரிய சமயச் சிறுபான்மையினர் இவர்கள். இவர்களுடைய ஜெம் இல்லங்களுக்குப் பள்ளிவாசலுக்கு இணையான வழிபாட்டிடத் தகுதி இல்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007-இல் ஜெங்கின் வழக்கில், கட்டாய சமயப் பாடம் அலெவிப் பெற்றோரின் நம்பிக்கையை மதிக்கவில்லை என்றது. 2014-இல் மீண்டும் அதையே சொன்னது. 2016-இல் அந்த நீதிமன்றத்தின் பேராயம் (அதன் மிகப் பெரிய அமர்வு), அலெவிகளுக்கு அரசின் சமயச் சேவைகளை மறுப்பது பாகுபாடு என்று தீர்த்தது. செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. பாடத்திலிருந்து விலகும் உரிமையை, மதத்தை வெளிப்படுத்தச் சொல்லாமல், எல்லோருக்கும் தர வேண்டும். ஜெம் இல்லத்துக்கு வழிபாட்டிடத் தகுதியைச் சட்டத்தில் எழுத வேண்டும்.

அடுத்தது முஸ்லிம் அல்லாதோர். 1923 லோசான் ஒப்பந்தத்தின் பேரில் கிரேக்கர், ஆர்மீனியர், யூதர் ஆகியோரைத் துருக்கி சிறுபான்மையினராக நடத்துகிறது. சிரியாக் கிறிஸ்தவர் அந்த வட்டத்துக்கு வெளியே. தேவாலயத்துக்கு என்று சட்ட ஆளுமை கிடையாது, அறக்கட்டளை வழியாகத்தான் சொத்து வைத்திருக்க முடியும். 1936-இல் கொடுத்த சொத்துப் பட்டியலுக்குப் பின் வாங்கியவற்றை 1974 தீர்ப்பு ஒன்றைக் காட்டி அரசு பறித்தது. 2008 சட்டமும் 2011 ஆணையும் ஒரு பகுதியைத் திருப்பின. மூன்றாம் தரப்புக்குக் கைமாறிய சொத்துகளுக்கு இழப்பீடு மட்டுமே. ஹெய்பெலியாடா தீவிலுள்ள, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் ஹல்கி குருமடம் 1971-இல் மூடப்பட்டது. குருமார்களைப் பயிற்றும் இடமே இல்லாதபோது, துருக்கிக் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற விதிப்படி அத்திருச்சபையின் தலைவரான முதுபெரும் தந்தையாக அடுத்து ஒருவரை எங்கிருந்து தேடுவது? 2010-க்குப் பின் வெளிநாட்டு ஆயர்கள் சிலருக்குக் குடியுரிமை கொடுத்து அரசு ஓரளவு வழி செய்தது.

மனச்சாட்சியின் பேரில் படைப்பணியை மறுப்பவர்களுக்கு மாற்றுப் பணி இல்லை என்பதும் பட்டியலில் உண்டு.

ஹாகியா சோபியாவைப் பள்ளிவாசலாக மாற்றியது சேர்க்கை விதிக்கு எதிரானதா?

நேரடியாக அல்ல. ஒரு கட்டடத்தின் பயன்பாடு கோபன்ஹேகன் அளவுகோலில் வராது. இஸ்தான்புல்லில் முன்பு தேவாலயமாகவும் பின்பு பள்ளிவாசலாகவும் இருந்த அக்கட்டடத்தை 1934-இல் அருங்காட்சியகமாக்கிய ஆணையை உச்ச நிர்வாக நீதிமன்றம் 2020 ஜூலை 10 அன்று ரத்து செய்தது. ஜூலை 24 அன்று தொழுகை நடந்தது. சட்டத்தைவிட ஐரோப்பிய வாக்காளரின் மனத்தில்தான் அது ஆழமாகப் பதிந்தது.

உறுப்பு நாடுகளே அரச மதம் வைத்திருக்கும்போது துருக்கியை மட்டும் கேட்பது நியாயமா?

நல்ல கேள்வி. கிரேக்க அரசியல் சட்டம் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையை ‘நிலவும் மதம்’ என்கிறது. மால்டாவின் மதம் கத்தோலிக்கம். டென்மார்க்கில் அரசர் லூத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஒன்றியத்தின் செயல்பாடு பற்றிய ஒப்பந்தத்தின் 17-ஆவது பிரிவு, திருச்சபைகளின் உள்நாட்டுத் தகுதியில் தலையிடுவதில்லை என்கிறது. ஆக, அரச மதம் தடையல்ல. அந்த மதத்தைச் சேராதவருக்குச் சம உரிமை மறுக்கப்படுவதே தடை.

அந்த அளவுகோலை உள்ளே இருப்பவர்களுக்கும் வைக்க வேண்டும். கிரேக்கத்தின் மேற்குத் திரேஸ் பகுதியில் முஸ்லிம் சிறுபான்மையினரின் முஃப்திகளை அரசே நியமிக்கிறது. ஒரு முஸ்லிம் விதவையின் விருப்பத்துக்கு மாறாக ஷரியா வாரிசு விதியைத் திணித்ததற்காக 2018-இல் மோல்லா சாலி வழக்கில் கிரேக்கம் தோற்றது. சேரும்போது தேர்வு எழுதச் சொல்கிறார்கள், சேர்ந்தபின் தேர்வே இல்லை. துருக்கியர் இதைச் சுட்டிக்காட்டும்போது அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் அலெவிக் குழந்தையின் பாடப்புத்தகத்தை மாற்றிவிடாது.

முக்காடு விவகாரத்தில் ஐரோப்பா யார் பக்கம் நின்றது?

பலருக்கு இது வியப்பளிக்கும். பல்கலைக்கழகத்தில் முக்காட்டுக்கு இருந்த தடையை எதிர்த்து மாணவி லெய்லா ஷாஹின், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க் போனார். 2005 நவம்பர் 10 அன்று பேராயம் தடையை ஏற்றது. (இந்த நீதிமன்றம் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பல்ல, ஐரோப்பிய மன்றத்துக்கு உரியது. துருக்கி அம்மன்றத்தில் முதல் ஆண்டிலிருந்தே உறுப்பினர். ஆனாலும் சேர்க்கை ஆய்வில் அதன் தீர்ப்புகளே அடிப்படை.)

பழமைப் பற்றுள்ள துருக்கி முஸ்லிம்கள் ஐரோப்பாவை நம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. ராணுவமும் பழைய நீதித்துறையும் தங்களை ஒடுக்கின, ஐரோப்பிய விதிகள் தங்களைக் காக்கும் என்று எண்ணினார்கள். 2002-இல் ஆட்சிக்கு வந்த எர்டோகனின் கட்சி ஐரோப்பிய நடைமுறையைப் பிடித்துக்கொண்டுதான் ராணுவத்தின் பிடியைத் தளர்த்தியது. தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் செயலர் பதவிக்கு 2004-இல் முதன்முறையாக ராணுவத்தைச் சேராதவர் வந்தார். முக்காட்டுத் தீர்ப்பு அந்த நம்பிக்கையில் கீறல் போட்டது. தடையைப் பின்னர் நீக்கியது ஐரோப்பா அல்ல, எர்டோகன் அரசே. பல்கலைக்கழகங்களில் 2010-ஐ ஒட்டி அது நடைமுறையில் மறைந்தது, அரசு அலுவலகங்களில் 2013-இல் நீங்கியது. ஐரோப்பா தேவையில்லை என்ற எண்ணம் அந்த வாக்காளர்களிடம் வலுத்ததில் வியப்பில்லை.

கதவு திறந்திருந்தபோது துருக்கி உண்மையிலேயே மாறியதா?

மாறியது. 2002 முதல் 2004 வரை நடந்தவை கொஞ்சமல்ல. மரண தண்டனை முதலில் அமைதிக் காலத்துக்கு, பிறகு முழுவதுமாக ஒழிந்தது. குர்து மொழியில் ஒளிபரப்புக்கு வழி பிறந்தது. அரச பாதுகாப்பு நீதிமன்றங்கள் மூடப்பட்டன. மனித உரிமை உடன்படிக்கைகள் உள்நாட்டுச் சட்டத்துக்கு மேல் என்று அரசியல் சட்டத்தின் 90-ஆவது பிரிவு திருத்தப்பட்டது. 2004 செப்டம்பரில் தகாத உறவைக் குற்றமாக்கும் விதியைப் புதிய தண்டனைச் சட்டத்தில் நுழைக்க முயன்ற எர்டோகன், பிரஸ்ஸல்ஸின் எதிர்ப்பைக் கண்டு சில நாள்களில் கைவிட்டார். சேரும் வாய்ப்பு உண்மையாகத் தெரிந்தபோது பக்தியுள்ள ஓர் ஆளுங்கட்சிகூட இப்படி வளைந்து கொடுத்தது. இஸ்லாமும் ஐரோப்பியச் சட்டமும் ஒட்டவே ஒட்டாது என்பாருக்கு இதைவிட நேரான மறுப்பு வேறு இல்லை.

பிறகு எங்கே குலைந்தது?

2005 அக்டோபர் 3 பேச்சுவார்த்தைச் சட்டகத்திலேயே விதை இருந்தது. இலக்கு சேர்க்கைதான், ஆனால் ‘விளைவுக்கு முன்கூட்டியே உத்தரவாதம் இல்லை’ என்று எழுதினார்கள். ஆட்கள் நடமாட்டத்துக்கு நிரந்தரத் தடுப்புவிதி வைக்கவும் இடம் விட்டார்கள். அதே இரவில் பேச்சுவார்த்தை தொடங்கிய குரோவேஷியா 2013 ஜூலை 1 அன்று உறுப்பினரானது.

துருக்கியின் பங்கும் சிறிதல்ல. 2013 கெஸி பூங்காப் போராட்டத்தை அரசு ஒடுக்கியது. 2016 ஜூலை 15 ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக்குப் பின் லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர் நீக்கப்பட்டார்கள். 2017 வாக்கெடுப்பு அதிகாரத்தை அதிபரிடம் குவித்தது. சிறையிலிருந்த குடிமைச் சமூகச் செயற்பாட்டாளர் ஒஸ்மான் கவாலாவை விடுவிக்கச் சொன்ன 2019 ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பைத் துருக்கி மதிக்கவில்லை, 2022-இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2018 ஜூனில் உறுப்பு நாடுகள், பேச்சுவார்த்தை ‘நடைமுறையில் நின்றுவிட்டது’, எந்த அத்தியாயமும் திறக்கவோ மூடவோ இல்லை என்று அறிவித்தன. முறைப்படி ரத்து செய்யவில்லை. துருக்கியும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவில்லை.

மக்கள்தொகையும் ஒரு காரணம் என்கிறார்களே?

ஆம், அது மதத்தோடு பின்னிக் கிடக்கிறது. துருக்கியின் மக்கள்தொகை சுமார் 8.5 கோடி. சேர்ந்தால் ஜெர்மனியோடு முதலிடத்துக்குப் போட்டி. அமைச்சரவையில் சாதாரண முடிவுக்கு 55 விழுக்காடு நாடுகளும் 65 விழுக்காடு மக்கள்தொகையும் தேவை. துருக்கி வந்தால் அதன் எடை மட்டும் ஏறத்தாழ 16 விழுக்காடு. நாடாளுமன்றத்தில் ஒரு நாட்டுக்கு உச்சவரம்பான 96 இடங்கள் வரை கேட்கலாம். இவ்வளவு பெரிய கிறிஸ்தவ நாடு வந்திருந்தாலும் தயக்கம் இருந்திருக்கும். ஆனால் ‘அளவு’ என்ற சொல்லை மேடையில் பலர் மதத்தின் இடக்கரடக்கலாகவே பயன்படுத்தினார்கள்.

‘சலுகை பெற்ற கூட்டாளி’ என்ற மாற்று ஏன் ஏற்கப்படவில்லை?

அங்கேலா மெர்கல் 2004-இல் முன்வைத்த யோசனை அது. அதில் உள்ளதில் பெரும்பகுதி துருக்கியிடம் ஏற்கெனவே இருந்தது. 1995 டிசம்பர் 31 முதல் சுங்க ஒன்றியம் நடைமுறையில் உண்டு. தொழிற்பொருள்கள் சுங்கமின்றிப் போய் வருகின்றன. இந்த ஏற்பாட்டிலேயே ஒரு கோணல் இருக்கிறது. ஒன்றியம் வேறொரு நாட்டோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் போட்டால், அந்நாட்டுப் பொருள் ஐரோப்பா வழியாகத் துருக்கிக்குள் வரும். துருக்கிப் பொருளுக்கு அந்த நாட்டில் அதே சலுகை தானாகக் கிடைக்காது. முடிவெடுக்கும் மேசையில் துருக்கிக்கு நாற்காலி கிடையாது. இதையே நிரந்தரமாக ஏற்கச் சொன்னால் எப்படி ஏற்பார்கள்?

முஸ்லிம்கள் அதிகமுள்ள வேறு நாடுகள் வரிசையில் உண்டா?

உண்டு, அவற்றைக் கவனிப்பது அவசியம். அல்பேனியாவில் 2023 கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் சுமார் 46 விழுக்காடு, பெக்தாஷிகள் என்ற சூஃபி மரபினர் 5 விழுக்காட்டையொட்டி. அந்நாடு 2009-இல் விண்ணப்பித்தது. 2014-இல் வேட்பாளர் ஆனது. 2019-இல் பிரான்ஸும் நெதர்லாந்தும் டென்மார்க்கும் தடுத்தன. 2022 ஜூலையில் பேச்சுவார்த்தை தொடங்கியது. 2024 அக்டோபரில் முதல் அத்தியாயத் தொகுப்பும், பின் மற்றவையும் அடுத்தடுத்துத் திறந்தன. அங்கே பேச்செல்லாம் ஊழல், நீதிபதிகளின் சொத்துச் சோதனை பற்றியே. அந்நாட்டின் மக்கள்தொகை 30 லட்சத்துக்கும் குறைவு.

போஸ்னியாவில் 2013 கணக்குப்படி முஸ்லிம்கள் 50.7 விழுக்காடு. அதன் முடிச்சு வேறு. போஸ்னியாக், செர்பு, குரோவாத்து அல்லாதவர் அதிபர் குழுவுக்குப் போட்டியிட முடியாது என்ற விதியை 2009-இல் ஸ்ட்ராஸ்பர்க் பாகுபாடு என்றது. ஒரு யூதரும் ஒரு ரோமா இனத்தவரும் தொடுத்த வழக்கு அது. விதி இன்னும் மாறவில்லை. கொசோவோ 2022 டிசம்பரில் விண்ணப்பித்தது. ஸ்பெயின், கிரேக்கம், ருமேனியா, ஸ்லோவாக்கியா, சைப்ரஸ் ஆகிய ஐந்தும் அதை நாடாகவே ஏற்கவில்லை.

இன்னொரு பக்கம், வட மாசிடோனியா கிறிஸ்தவர் பெரும்பான்மையாக உள்ள நாடு. பெயரைக் கிரேக்கத்துக்காக மாற்றிக்கொண்ட பின்னும் பிரான்ஸும் பிறகு பல்கேரியாவும் தடுத்தன. தடுப்பதிகாரம் மதம் பார்த்து மட்டும் வேலை செய்வதில்லை.

பேச்சுவார்த்தை மீண்டும் தொடங்க என்ன நடக்க வேண்டும்?

வரிசை முக்கியம். முதலில் துருக்கி தன் கையில் உள்ளதைச் செய்ய வேண்டும்: கவாலா போன்றோர் பற்றிய ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்புகளை நிறைவேற்றுவது, நீதிபதிகள் நியமன மன்றத்தை அதிபரின் பிடியிலிருந்து விடுவிப்பது. அடுத்து, துறைமுகங்களைச் சைப்ரஸுக்குத் திறப்பது. அது நடந்தால் எட்டு அத்தியாயங்களின் பூட்டும், எதையும் மூடக்கூடாது என்ற தடையும் விலகும். பதிலுக்கு வடக்கு சைப்ரஸோடு நேரடி வணிகத்துக்கு ஒன்றியம் 2004-இல் கொடுத்து, இன்றுவரை நிறைவேறாத வாக்கைக் காக்க வேண்டும்.

ஒன்றியத்தின் பக்கம் முதல் வேலை 23, 24 ஆகிய இரண்டையும் மேசைக்குக் கொண்டுவருவது. 2018 முடிவை மாற்ற ஒருமித்த சம்மதம் வேண்டும், சைப்ரஸின் கையெழுத்து உட்பட. புதிய நாடுகளுக்கு இந்த அடிப்படைத் தொகுப்பைத்தான் முதலில் திறந்து கடைசியில் மூடுகிறார்கள். அல்பேனியாவுக்குச் செய்ததும் அதுவே. துருக்கிக்கு அந்த வரிசை இன்றுவரை கிடைக்கவில்லை.